தம்பியைக் கொண்டுவந்தவன்

கதவைத் தட்டக் கை எழவில்லை.

ஸ்பெயின் அரசரின் பீரங்கிகளுக்கு நேராகக் குதிரையை விட்டவன் அவன். போன மாதம்தான் சபை கூடி, புதிய குடியரசின் முதல் ஜனாதிபதி என்று அவனைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஆண்டிஸ் மலைக்கு இந்தப் பக்கம் அவன் பெயரைக் கேட்டால் தொப்பியைக் கழற்றாத ஆள் இல்லை.

அம்மா வீட்டுக் கதவுக்கு இதெல்லாம் தெரியவில்லை. சாத்தியே கிடந்தது.

பின்னால் இரண்டு சிப்பாய்கள் தோளிலிருந்து ஒரு மரப்பெட்டியை மெதுவாக இறக்கிவைத்தார்கள். உச்சி வெயில். தெருவில் ஊரே கூடி நின்றது. யாரும் கோஷம் போடவில்லை. பெட்டிக்குள் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவன் தம்பி, கசிமிரோ.

அண்ணன் விடுதலைப் படையில் சேர்ந்த கையோடு தம்பி அரசரின் படையில் போய்ச் சேர்ந்தான். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள். யார் சொல்லியும் இருவரும் கேட்கவில்லை.

கடைசிப் போரில், தோற்று ஓடியவர்களைத் துரத்தி வெட்டச் சொன்னது அண்ணன்தான். ஓடியவர்களில் தம்பியும் இருந்தான் என்பது மறுநாள் ஒரு கைதி வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

அதற்குள் எதிரிப் பிணங்களை எல்லாம் ஒரே குழியில் போட்டு மூடியாயிற்று. அதுவும் அவன் உத்தரவு. கழுகுக்கு விடாமல் மண்ணுக்குக் கொடுத்தோமே என்று அன்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டான்.

பாவி.

ஒரு வருஷமாக அம்மாவுக்கு ஆள் மேல் ஆள் அனுப்பினான். பாதிரியார் வழியாக ஒரே ஒரு பதில் வந்தது. அவனைக் கொண்டுவந்து கொடு. அப்புறம் நீ வா.

குழியைத் தோண்டினான்.

ஜனாதிபதி மண்வெட்டி பிடிப்பதா என்று அதிகாரிகள் பதறினார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே எல்லோரும் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். முகம் கிடையாது. எல்லார் சட்டையிலும் அரசரின் முத்திரைப் பொத்தான்.

இதில் எவன் கசிமிரோ?

நெடுநெடுவென்று ஒருவன் கிடந்தான். தம்பியும் உயரம். அகலமான தோள். தம்பிக்கும் அப்படித்தான். இவன்தான் என்று மனசு சொன்னது. எங்கே சொன்னது, அவன் சொல்ல வைத்தான்.

எலும்புகளைத் தன் கையாலேயே ஒயினில் கழுவினான். வெள்ளைத் துணியில் சுற்றினான். மலை ஏறி இறங்குகிற வழியெல்லாம் பெட்டியோடு பேசிக்கொண்டே வந்தான். மன்னிச்சிடுடா என்று வாய்விட்டு அழுதான். அழ அழ, இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் கரைந்து போயிற்று.

தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது.

அம்மா பாதியாக இளைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கூடத்துக் கண்ணாடி, கறுப்புத் துணி போர்த்தியபடி. சாவு விழுந்த வீட்டில் கண்ணாடியை மூடிவைப்பது அந்த ஊர் வழக்கம். அடக்கம் முடிந்ததும் துணியை எடுத்துவிடுவார்கள். இங்கே அடக்கமே நடக்கவில்லை.

“அம்மா,” என்றான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. வாசலிலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, பெட்டியைத் திறக்கச் சொன்னாள். துணியை விலக்கினாள். நெற்றி எலும்பைத் தடவினாள். கன்னம் இருந்த இடத்தைத் தடவினாள். விரல் வாய்க்கு வந்ததும் நின்றது.

“இது கசிமிரோ இல்ல.”

“உயரத்தப் பாரும்மா...”

“அவனுக்கு முன்பல்லு பாதிதான். சின்ன வயசுல நீதான் கல்ல விட்டு எறிஞ்ச. மறந்துட்டியா?”

மறந்துதான் போயிருந்தான்.

எறிந்தவனுக்கு எங்கே ஞாபகம் இருக்கிறது. குழியில் உயரத்தைப் பார்த்தான், தோளைப் பார்த்தான். வாயைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பாதிப் பல்லோடு தம்பி அங்கேதான் எங்கோ கிடந்திருப்பான். இவன் தாண்டிப் போயிருப்பான்.

“திரும்பப் போறேம்மா. தேடிக் கொண்டாறேன்.”

அம்மா, விலக்கிய துணியை மறுபடி இழுத்து, கால்வரை சரியாகப் போர்த்தினாள். தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவதுபோல.

“யாரு பெத்த பிள்ளையோ, வெயில்ல கிடக்கு,” என்றாள் சிப்பாய்களிடம். “உள்ள தூக்கிட்டு வாங்கப்பா.”

தூக்கினார்கள். அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்னாலேயே போனான்.

நிலைக்குக் குறுக்கே ஒரு கை நீண்டது. வற்றி நரம்பு தெரிகிற கை. அவனால் அதைத் தாண்ட முடியவில்லை.

சிப்பாய்கள் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, தலைகுனிந்தபடி வெளியே வந்தார்கள்.

கதவு சாத்தப்பட்டது.

உள்ளே அம்மா அழத் தொடங்கினாள். முன்பின் தெரியாத ஒரு பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு, இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் அழுதாள்.

ஊர் பார்க்கிறது என்றுகூட நினைக்காமல் அவன் கதவில் காதை வைத்தான். இரண்டு பிள்ளை பெற்றவள். இரண்டு பெயரையும் சொல்லித்தானே அழுவாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

ஒரு பெயர்தான் வந்துகொண்டிருந்தது.