எட்டு பன்னெண்டு

"இது இன்னா குணா? எட்டு மணிக்கு ஓட வேண்டியது எட்டு பன்னெண்டுக்கு ஓடுது?"

குணா ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வுடு ஜாய்ஸ். ஓடுதுல்ல?"

விடுவதற்கா அவளுக்குச் சம்பளம்? திருபுவனையில் அந்தக் கம்பெனியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. சாஃப்ட்வேரை டெஸ்ட் செய்வதுதான் அவள் வேலை.

குணா ஜாவாவில் எழுதிய புரோகிராம் அது. தினமும் காலை எட்டுக்குத் தானாகக் கிளம்பி, கைரேகை மெஷினில் யார் யார் இன்னும் விரல் வைக்கவில்லை என்று பார்த்து, அந்த லிஸ்ட்டை ஹெட் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். மூன்று தடவை பேர் வந்தால் ஒரு நாள் லீவு காலி.

ஜாய்ஸுக்கு மண்டை குடைந்தது. நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடும்படி மாற்றிப் பார்த்தாள். பத்து நிமிஷத்தில் பத்து தடவை, கணக்காக ஓடியது. சர்வர் கடிகாரமும் சரி. திரும்ப எட்டு மணி என்று வைத்தால் மட்டும் எட்டு பன்னெண்டு.

விடாமல் புரோகிராமை வரி வரியாகத் தோண்டினாள். மாட்டியது. 'எட்டு மணி என்றால் பன்னிரண்டு நிமிஷம் சும்மா இரு' என்று நடுவில் ஒரு வரி!

அடப்பாவி, வேண்டுமென்றே வைத்திருக்கிறான். நேராக பர்சனல் மேனேஜர் சவரிராயனிடம் போனாள். தினமும் கேட்டில் நின்று லேட்டாக வருகிறவர்களைக் கிழித்துத் தொங்கவிடுகிற மனுஷன்.

"சார், இத ரிப்போர்ட்ல எழுதப் போறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த வரியப் போடச் சொன்னதே நான்தாம்மா."

"நீங்களா? கேட்ல அந்தக் கத்து கத்துறீங்களே சார்!"

"கத்துனா அத்தோட போச்சு. லீவு போனா, நாளைக்குப் புள்ளைக்கு ஜுரம்னா எப்படி எடுப்பாங்க?"

"யாரோ லேட்டா வர்றாங்கன்னு கம்பெனிய ஏமாத்தலாமா சார்? லேட்னா லேட்டுதான்."

சவரிராயன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"லிஸ்ட் எத்தினி மணிக்குப் போவுதுன்னு பாத்த. அதுல யார் பேரு இல்லன்னு பாத்தியா? மடுகரை பஸ் எட்டு ஒம்போதுக்குத்தான் இங்க வருது. அதுலதானம்மா நீயும் வர்ற?"