வயலின் கேட்ட கடலை

சென்னை ஆர்க்கெஸ்ட்ராவில் நான் கடைசி வரிசை வயலின்காரன். தப்பாக வாசித்தாலும் வெளியே தெரியாது. ஆலங்குடியில் ஆராய்ச்சி மாணவன். வயலின் கேட்டால் நிலக்கடலை நன்றாக வளருமா என்பதுதான் ஆராய்ச்சி.

பரிமளா அக்காவின் கொல்லையில் இரண்டு பாத்திகள். ஒன்றுக்குத் தினமும் காலையில் வாசிப்பேன், மற்றதற்குக் கிடையாது. தண்ணீர், உரமெல்லாம் இரண்டுக்கும் ஒரே அளவுதான் விட வேண்டும் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன்.

இன்று அளந்தேன். வயலின் கேட்ட பாத்தி இரண்டு அங்குலம் கூடுதல் உயரம்! டாக்டர் பட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் மனசு குறுகுறுத்தது.

"அக்கா, கச்சேரிக்குப் போன பத்து நாளும் இங்க வாசிச்சதா நோட்டுல பொய் எழுதிட்டேன். கைடுகிட்ட சொல்லிடப் போறேன்."

களை கொத்திக்கொண்டிருந்த அக்கா களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டுத் தலைகுனிந்தார்.

"அப்ப நானும் சொல்லிடுறேன் தம்பி. நீங்க வாசிக்கிற பாத்திக்கு மட்டும் தெனமும் ஒரு வாளி புண்ணாக்குத் தண்ணி ஊத்துனேன்."

"ஏங்க்கா?"

"கோவிச்சுக்காதீங்க. நீங்க பொட்டியத் தொறந்ததும் நான் அங்கிட்டு ஓடிருவேன். செடி எங்க ஓடும், பாவம்!"