பள்ளத்தில் தொங்கிய டயர்

அநியாயம் நடந்தது குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பருக்குத்தான். உயரத்தைக் கூட்டிய ஜீப்பில் அதையும் பெரிய டயரையும் ஒரே நாளில்தான் மாட்டினார்கள். ஆனால் வந்தவர்கள் எல்லாம் படம் பிடித்தது டயரை மட்டும். போதாததற்கு டயரின் கிண்டல் வேறு.

"ஏம்ப்பா, வண்டிக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டு நீ என்னதான் பண்ற?"

சொன்னால் நம்பவா போகிறது என்று ஷாக் தன் வேலையைப் பார்த்தது.

மலைப்பாதையில் திடீரென்று ஒரு பள்ளம். ஜீப் சாய்ந்தது. டயருக்குக் கீழே தரையே இல்லை. அது அந்தரத்தில் வெறுமனே சுற்றியபடி, "ஐயோ, கவிழப்போறோம்!" என்று அலறியது.

ஷாக் தன் தண்டை முழுநீளத்துக்கும் நீட்டி, அவ்வளவு பெரிய டயரைப் பூப்போலப் பள்ளத்தின் அடியில் இறக்கி வைத்தது. ஜீப் நிமிர்ந்தது.

"அன்னிக்குக் கேட்டீங்களே அண்ணே, இதைத்தான் பண்றேன். தரை வந்தாச்சு, உருளுங்க."