காசிம் பாய் விற்காத லென்ஸ்

பொம்மிடிக் கல்யாணத்தில் நான் எடுத்த முப்பத்தாறு படமும் கறுப்பாகவே வந்தன. பெண்வீட்டார் என்னை அடிக்காமல் விட்டது என் நல்ல நேரம். அடுத்த கல்யாணமும் இப்படிப் போனால் ஸ்டூடியோவை மூட வேண்டியதுதான்.

தர்மபுரியில் பழைய கேமரா விற்கும் காசிம் பாயிடம் போனேன். எங்கள் ஊரின் இன்னொரு ஸ்டூடியோக்காரன் மாதையன் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"பாய், மங்கின வெளிச்சத்துலயும் படம் புடிக்கிற ஒன் பாயின்ட் ஃபோர் லென்ஸ் வேணும்" என்றேன். என் கேமராவைக் கண்ணில் வைத்து அவரைப் பார்த்தேன். "இதுல உங்க தாடி நல்லாத்தான் தெரியுது. படத்துலதான் ஒரே இருட்டு."

பாய் கேமராவைப் பார்த்தார். பிறகு மாதையனைப் பார்த்தார்.

"புது லென்ஸ் வேணாங்க, இதே போதும். இந்த லென்ஸ் மூடிய மட்டும் என்கிட்ட குடுத்துட்டுப் போங்க."

"மூடி எதுக்கு பாய்?"

"ஒரு வேலை இருக்குதுங்க."

நான் கேட்ட லென்ஸை மாதையனுக்குப் பேசி முடித்துவிட்டார் போல, அதற்குப் போட்டுக் கொடுக்கத்தான் என் மூடி. எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டி வரும்வரை பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த கல்யாணத்தில் அத்தனை படமும் பளிச்சென்று வந்தன, மாப்பிள்ளை மீசையில் ஒட்டியிருந்த சேமியா உட்பட.

பாயிடம் ஓடினேன். "அதே லென்ஸ்தானே பாய், எப்படி?"

கடையில் வேறு யாருமில்லை. பாய் மூடியை எடுத்து மேசையில் வைத்தார்.

"இந்தக் கேமராவுல நாம பாக்குற ஜன்னல் வேற, படம் புடிக்கிற லென்ஸ் வேறங்க. அன்னிக்கு நீங்க மூடியக் கழட்டாமத்தான் என் தாடியப் பாத்தீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே பாய்."

"மாதையன் உக்காந்திருந்தாருங்களே, அவர் முன்னாடி எப்படிங்க சொல்றது?"