மணல் சோறு

ஐந்து வயதுப் பூவிழியைத் தத்தெடுத்து நான்கு மாதமாகியும், எஸ்தர் ஊட்டினால் அவள் வாய் திறந்ததில்லை. தட்டைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்த்தான் சாப்பிடுவாள். அதே பிள்ளை, விளையாட வைத்தே மனதைத் தேற்றுகிற சுபைதா டீச்சர் ஊட்டும் மணல் சோற்றுக்கு ஆவென்று வாய் திறப்பதை, வாராவாரம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியிருந்தது. பெற்றவள் மேல்கூட எஸ்தருக்கு இத்தனை பொறாமை வந்ததில்லை. இன்று பொறுக்கமாட்டாமல் உள்ளே போய், டீச்சர் கையிலிருந்த சொப்புத் தட்டை வாங்கி நீட்டிவிட்டாள். பூவிழியின் வாய் மூடிக்கொண்டது.

“இது அவ ஆட்டம்க்கா. அவதான் சொல்லணும்” என்றாள் சுபைதா.

பூவிழி எஸ்தரை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ பாப்பா. இங்க உக்காரு. நான் உன்னய விட்டுட்டுப் போறேன். நீ அழு.”

“அப்ப நான்?” என்று கேட்டாள் டீச்சர்.

“நீ சும்மா இரு.”

சொன்னபடியே பக்கத்து மரக்கதவைத் திறந்து வெளியே போய்ச் சாத்திக்கொண்டாள். எஸ்தர் நடிக்க வேண்டியிருக்கவில்லை. அழுத கண்ணோடு பார்த்தபோது, கதவின் கீழ் இடுக்கில் இரண்டு குட்டிக் கால்கள் தெரிந்தன. அவை நகரவில்லை.