இரண்டு அறைகளுக்கு ஒரு பெட்டி

"இந்தச் சத்தத்துல உனக்குத் தூக்கம் கெட்டுடும் கோதை. நான் ஹால்ல படுத்துக்கறேன்."

"உங்களுக்கு எது வசதியோ அப்படிப் பண்ணுங்க."

அவ்வளவுதான் பேச்சு. தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த மெஷின் வீட்டுக்கு வந்த அன்று பேசியது.

சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது. அவள் வேறு ஏதாவது சொல்வாள் என்று பார்த்தாரோ என்னவோ. அது அவளுடைய பிரமையாகவும் இருக்கலாம்.

ஆகிவிட்டது, மூன்று மழைக்காலம்.

இப்போது மத்தியானம். சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவள் விழித்தபோது முகத்தில் காற்று அடித்தது.

கரண்ட் வந்துவிட்டதா?

இல்லை. பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, புயல் சாய்த்த கரண்ட் கம்பம் சாய்ந்தபடியே கிடந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் பேட்டரிப் பெட்டி. அதில் செருகிய டேபிள் ஃபேன் அவளையே பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுபடியும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

பெங்களூரிலிருந்து மகள் இலக்கியா அனுப்பிய பெட்டி அது. பார்க்கச் சின்ன சூட்கேஸ் மாதிரி இருக்கும். தூக்கினால்தான் கனம் தெரியும். கரண்ட் போனாலும் அப்பாவின் மெஷின் நிற்கக் கூடாது என்று அனுப்பினாள். காலையில் அவர் அதை ஸ்கூட்டரில் வைத்துக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோவார். அங்கே ஜெனரேட்டர் ஓடுகிறது. சார்ஜ் ஏறும்வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

"என்ன சார், பொண்ணு வீட்டு சீரா?" என்று மண்டபத்து மேனேஜர் கேட்டாராம். வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கோதை எழுந்து ஹாலுக்குப் போனாள்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்த ஈரம். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. மெஷின் இல்லாமல் பகலில்கூடக் கண் மூடக் கூடாது என்பது டாக்டர் சொன்னது. தூக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க அதைத் தூக்கிட்டு வந்தீங்க? உங்களுக்குன்னுதானே அவ அனுப்பினா?"

"ராத்திரி பூரா விசிறிக்கிட்டே இருந்தியே."

"யாரு சொன்னா?"

"உன் வளையல்தான்."



அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்திருந்தாள். ஹாலிலிருந்து அந்த மெஷினின் மெல்லிய இரைச்சல் வரும்வரை அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. எந்தச் சத்தத்துக்காக அவர் அறையை விட்டுப் போனாரோ, அதைக் கேட்கத்தான் அவள் கதவைத் திறந்தே வைத்திருக்கிறாள்.

சொன்னதில்லை.

சொல்ல வேண்டும் என்று எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறாள். காபி கொடுக்கும்போது. போர்வை மடிக்கும்போது. தொண்டைவரை வரும். வெளியே வரும்போது 'ரசம் சுட வைக்கவா?' என்று ஆகிவிடும். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, இந்த வயதில், இதை எப்படிக் கேட்பது? அவருக்கு அங்கேதான் நிம்மதியாக இருக்கிறதோ? அந்த மெஷினின் முகமூடியை மாட்டிக்கொண்டு அவள் எதிரில் படுக்கக் கூச்சமோ?

உள்ளே போய் ஃபேனைப் பிடுங்கினாள். பெட்டியை இடுப்பில் குழந்தையைப் போல அணைத்து ஹாலுக்குக் கொண்டுவந்து வைத்தாள்.

"படுங்க."

"நீ?"

"எனக்கு ஜன்னல் காத்து போதும்."

"காத்தா? ஒரு இலை அசையல."

அவர் குனிந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார். அவளும் பிடித்தாள். நேற்று மத்தியானமும் இதே கூத்துதான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, கடைசியில் இரண்டு பேரும் தூங்கவில்லை.

அவர்தான் முதலில் கையை எடுத்தார்.

"ஏய், நாம ரெண்டு பேரும் முட்டாளுங்க கோதை. இதுல எத்தனை பிளக் இருக்கு பாரு. ஃபேன், மெஷின் ரெண்டையும் சேர்த்தே ஓட்டும். பரண் மேல நீளமா ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் கெடக்கே? பெட்டி இங்க இருக்கட்டும், ஒயரை உன் ரூமுக்கு இழுத்துடலாம். ஒரு நிமிஷ வேலை. தோணலையே!"

அவர் முகத்தில் அப்படியொரு தெளிவு. சமையலறையிலிருந்து ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்தார். பரணுக்குக் கீழே போட்டார். ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்தார்.

'உன் ரூம்' என்றாரே.

கோதை நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்த ஒயர் ஞாபகம் இருந்தது. புயல் அடித்த அன்றே ஞாபகம் வந்தது. எடுத்துக் கொடுக்கவில்லை.

அந்த ஒயர் இறங்கி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அவருக்கு மெஷின் ஓடும். அவளுக்குக் காற்று வரும். யாரும் யாருக்காகவும் எதையும் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்காது.

அவர் ஸ்டூலில் ஒரு காலை வைத்தார்.

"எறங்குங்க."

"பிடிச்சுக்கோ, விழ மாட்டேன்."

"ஒயர் வேணாங்க."

"பின்ன?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சட்டையின் முழங்கைப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மெஷினை எடுத்துக்கிட்டு நீங்க உள்ள வந்துடுங்க. கரண்ட் வந்தப்புறமும்."