212-வது வரி

“ஃபைலை மேலேர்ந்து படிச்சியா?”

மூன்றாவது நாளாக எல்தியார் இதையே கேட்டுக்கொண்டு பெகாயிமின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் போகும்போது ஒரு தடவை, வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு தடவை.

“எனக்கு வேற வேலையே இல்லையா பைகே?” என்றாள் அவள். நாலு வயது மூத்தவனை ‘பைகே’, அண்ணன், என்று சொல்லாமல் பிஷ்கெக்கில் பேர் சொல்லியா கூப்பிட முடியும்? மனசுக்குள் கூப்பிட்ட பேர் வேறு.

அவள் சேர்ந்து மூன்று மாதம். வேலை நிரந்தரமா, மூட்டை கட்டுவதா என்று இன்று சாயங்காலம் தெரிந்துவிடும். இந்த நேரம் பார்த்து ஒருத்தன் தப்புக் கண்டுபிடிக்கவே பின்னால் அலைகிறானே என்று எரிச்சலாக வந்தது. அவன் வாங்கிவரும் சம்சாவை மட்டும் அவள் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை.

கதவு படாரென்று திறந்தது. தலைமைப் பொறியாளர் சாய்கால். மொத்த ஆபீசுக்கும் அவர் ‘எஜே’, அதாவது அக்கா. அக்கா கோபத்தில் இருந்தார்.

“நாரின் பால் ஃபாக்டரிலேர்ந்து போன்! குமிஸ் நிரப்புற மெஷின் நடுவுல செத்துப்போச்சாம். குழாய் திறந்தது திறந்தபடி நிக்குது. தரையெல்லாம் புளிச்ச குதிரைப்பால். அந்த மேனேஜர் முட்டி வரைக்கும் நனைஞ்சுகிட்டு என்னைக் காய்ச்சி எடுக்குறாரு!”

குமிஸ் மெஷினுக்கான நிரல் முழுவதையும் ஒரே ஃபைலில் எழுதியவர்கள் இரண்டே பேர், பெகாயிமும் எல்தியாரும். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் திரையைப் பார்த்தார்கள்.

“நிரல் எந்த இடத்துல செத்துச்சுன்னு நம்பர் அனுப்பியிருக்காங்க. பார்த்துடலாம், எந்த மகராசன் எழுதுன வரின்னு.”

மெஷினுக்குள் போன பிறகு வரியாவது ஒன்றாவது, எல்லாம் வெறும் எண்கள்தான். எந்த எண் ஃபைலின் எந்த வரியில் குடியிருக்கிறது என்று, ஃபைலில் எழுதியதை மெஷினுக்கான நிரலாகக் கட்டும்போதே ஒரு வரைபடம் போட்டு வைத்துவிடுவார்கள். எண்ணைக் கொடுத்தால், பிழை தேடும் கருவியான டீபக்கர் அந்த வரைபடத்தைப் பார்த்து வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தும்.

எஜே எண்ணைத் தட்டினார். ‘எச்சரிக்கை: ஃபைல் நிரலைவிடப் புதியது’ என்று வழக்கம்போல ஒரு மஞ்சள் வரி ஓடியது. மஞ்சள் வரிகளை அந்த ஆபீசில் யாரும் படிப்பதில்லை. அடுத்து திரை 212-வது வரியில் போய் நின்றது. ஓரத்தில் எழுதியவர் பெயர் இருந்தது. பெகாயிம்.

“எஜே, அது திரையில தேதியைக் காட்டுற வரி. தேதி காட்டுனா மெஷின் சாகுமா?”

“ஏம்மா, டீபக்கருக்கு உன்மேல எதாவது முன்விரோதமா?” எஜே தன் பியாலாக் கிண்ணத்தில் டீயை ஊற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். “இந்த டீ ஆறுறதுக்குள்ள காரணம் சொல்லு. இல்லேன்னா திங்கக்கிழமை நீ வர வேண்டாம்.”

எல்தியாரின் முகம் அவள் முகத்தைவிட வெளுத்திருந்தது.

“பெகாயிம், நீ ஃபைலை மேலேர்ந்து...”

“கொஞ்சம் வாயை மூடுறீங்களா பைகே!”

அவள் அந்த மஞ்சள் வரியைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அதைப் படித்தாள். நாரினுக்கு அனுப்பிய நிரலை அவள் கட்டியது திங்கட்கிழமை. அதற்கப்புறம் ஃபைலைத் தொட்டது யார்? எங்கே தொட்டார்கள்?

மேலேர்ந்து படிச்சியா, மேலேர்ந்து படிச்சியா என்று மூன்று நாளாக ஒருத்தன் உயிரை எடுத்தானே. ஃபைலின் உச்சிக்குப் போனாள். போன வாரம் இல்லாத நான்கு வரிகள் அங்கே இருந்தன. மெஷின் படிக்காமல் தாண்டிப்போகும் குறிப்பு வரிகள். தேதி, செவ்வாய்க்கிழமை. எழுதியவர், எல்தியார்.

// பெகாயிம், நேர்ல சொல்ல வந்தா நாக்கு ஒட்டிக்குது.
// நீ எதையும் மேலேர்ந்து படிப்பேன்னு நம்பி இங்க எழுதுறேன்.
// என்னைக் கட்டிக்கிறியா?
// இஷ்டம் இல்லேன்னா இந்த நாலு வரியையும் அழிச்சிடு. யாருக்கும் ஒரு பாதிப்பும் வராது.

இரண்டு தடவை படித்தாள். காது சுட்டது. எதிரே டீ ஆறிக்கொண்டிருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

யாருக்கும் ஒரு பாதிப்பும் வராதாமே! நாலு வரியை உச்சியில் செருகினால் கீழே இருக்கும் அத்தனை வரியும் நாலு படி இறங்குமா, இறங்காதா? திங்கட்கிழமை வரைபடத்தில் 212 என்றிருந்தது இன்றைக்கு 216.

212-க்குத் திரும்பி, விரலை வைத்து எண்ணிக்கொண்டே நாலு வரி கீழே வந்தாள். 216-வது வரி, வந்த புட்டிகளின் எண்ணிக்கையால் பாலின் அளவை வகுத்தது. ஒரு புட்டியும் வராத நேரத்தில் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் எந்த மெஷின்தான் உயிரோடு இருக்கும்? ஓரத்தில் பெயர் இருந்தது. எல்தியார்.

அவனும் அதைப் பார்த்துவிட்டான். உச்சியில் இருந்த நாலு வரியை அவள் படித்ததையும் பார்த்துவிட்டான். பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கூரை விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

எஜே கடைசி மடக்கைக் குடித்துவிட்டுப் பியாலாவைக் கவிழ்த்து வைத்தார். “டீ முடிஞ்சுது. சொல்லு, தப்பு யாரோடது?”

பெகாயிம் எழுந்து நின்றாள்.

“என்னோடது இல்ல எஜே. நான் கட்டிக்கப்போறவரோடது.”